அண்மைப் படமும் அளவான செலவும்

மாக்ரோ லென்ஸ் வாங்குமுன், எதைப் படம்பிடிக்கப் போகிறோம் என்று தெளிதல் நன்று. மலரும் பழைய நாணயமும் ஓடிவிடுவதில்லை; கைவசமுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸே அவற்றிற்குப் போதும். அதற்கும் காமிராவுக்கும் இடையே 25 மில்லிமீட்டர் நீட்டுவளையம் பொருத்தினால், பொருளின் பாதியளவு உருவம் பதியும். வளையத்தினுள் கண்ணாடியில்லை, ஆதலின் விலையும் குறைவு. 50 மில்லிமீட்டர் வளையமாயின் முழுவுருவம் பதியும். ஆனால் ஒளி நாலிலொரு பங்காகிவிடுமாதலால் முக்காலி வேண்டும்.

வண்ணத்துப்பூச்சியோ நெருங்கினால் பறந்துவிடும். சற்று விலகி நின்றெடுக்க 100 மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸே ஏற்றது. கையால் குவிக்கும் பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். எனினும் மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் வாழும் நம்மவர், உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா என்று ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தபின்னரே பணங்கொடுப்பாராக.