பெட்ரோல் கணக்கு: பெரிய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வண்டி மெக்கானிசம் பற்றிப் பேச மெக்கானிக்கைக் கூப்பிடாமல், பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டிருக்கிறார் செயலாளர். "சார், நம்ம பார்க்கிங்கில் பெரிய வண்டி கூடிப்போச்சு. எல்லாரும் மைலேஜ் இல்லைன்னு புலம்பறாங்க. நீங்கதான் நோட்டு போட்டு எழுதறீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார். அதனால் நான் சொல்லப்போவது கணக்கு. மெக்கானிசம் கொஞ்சம்தான்.

என் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அவனுடைய பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை என்னிடம் விட்டுப் போனான். "சும்மா நின்றால் கெட்டுப்போகும்ப்பா, ஓட்டுங்க" என்றான். ஓட்டினேன். இரண்டாம் மாதம் பென்ஷனில் பெட்ரோலுக்குப் போனதைக் கூட்டிப் பார்த்தபோது, மருந்துக் கடைக்குக் கொடுத்ததைவிட அது அதிகமாக இருந்தது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் கட்டவில்லை. அப்போதுதான் நோட்டு போட்டேன்.

எழுதும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு லாரி உரிமையாளர். நாமக்கல்லில் வேலை பார்த்தபோது லாரிக் கடன் கணக்குகள் என் மேஜை வழியாகத்தான் போகும். தவணை கட்ட வரும் அவர் தன்னுடைய ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்காமலே சொல்வார். "கணக்கு எழுதாத வண்டிக்கு மைலேஜ் கிடையாதுங்க சார், நெனப்புத்தான் உண்டு" என்பார்.

முறை சுலபம். பங்க்கில் டேங்க் நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும், மேலே திணிக்கக் கூடாது. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நான்கு டேங்க் சேர்த்துச் சராசரி பாருங்கள். டேஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். பெரிய டயர் மாற்றியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு கூடினால் மீட்டர் குறைவான தூரத்தைக் காட்டும்.

என் முதல் நான்கு டேங்க் சராசரி லிட்டருக்கு 9. "கம்பெனி அவ்வளவு சொன்னானே" என்று கேட்கலாம். ஜிம்னி மேனுவலுக்கு 16.94 என்று சான்று இருக்கிறது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், அளவான வேகத்தில் ஓட்டி எடுத்தது. ஐந்து ரோடு நெரிசலும் ஏப்ரல் மாத வெயிலும் அந்தக் கூடத்தில் கிடையாது.

இப்போது முக்கியமான கணக்கு. மாதம் 1000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9 கொடுக்கும் வண்டிக்கு 111 லிட்டர் வேண்டும். அதையே 12 ஆக்கினால் 83 லிட்டர் போதும். மிச்சம் 28 லிட்டர். பெட்ரோலை வெறும் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,800 ரூபாய், வருடத்துக்கு 33,600. 18 கொடுக்கும் சின்னக் காரை 21 ஆக்கினால்? அதே மூன்று கிலோமீட்டர் முன்னேற்றம்தான். ஆனால் மிச்சம் எட்டு லிட்டர். ஆகவே வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், உங்கள் கவனத்தை அதிகம் குடிக்கும் வண்டியில் செலவிடுங்கள். "இது எப்படியும் குடிக்கத்தான் செய்யும்" என்று கைகழுவிவிடும் வண்டியில்தான் மீட்கக்கூடிய பணம் அதிகம்.

அப்படி மீட்டதை, பலன் கிடைத்த வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, எந்த வேலைக்கு எந்த வண்டி என்பது. கருவேப்பிலை வாங்கவும் பேத்தியை டியூஷனில் விடவும் இரண்டு டன்னை நெருங்கும் வண்டியைக் கிளப்பத் தேவையில்லை. இன்ஜின் சூடேறாத முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் பெட்ரோல் அதிகம் போகும். இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் பயணம் முழுவதுமே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். நான் இப்போது அதற்கு ஸ்கூட்டர்தான் எடுக்கிறேன். பெரிய வண்டியில் போனால் நான்கு வேலையைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிக்கிறேன்.

இரண்டாவது, வேகம். சீலநாயக்கன்பட்டியில் ஏறி மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நூறில் போனால் அரை மணி நேரம், எண்பதில் போனால் முப்பத்தேழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடத்துக்கு என்ன விலை? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. நம் வண்டிகளோ அலமாரியைத் தூக்கி நிறுத்தின மாதிரி நேர்முகம் கொண்டவை. சாய்வான முகமுள்ள காருக்குத் தெரியாத வேகம் இவற்றின் டேங்க்கில் தெரியும். என் நோட்டில் பெரிய மாற்றம் இதில்தான் வந்தது.

மூன்றாவது, வலது கால். முன்னால் சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் அதுவரை அழுத்திப் போய் பிரேக் போடுகிறோம். ஒவ்வொரு பிரேக்கும், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான். தூரத்திலேயே காலை எடுத்து, கியரிலேயே உருண்டு போங்கள்.

நான்காவது, டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு. பங்க் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவாகப் பிடித்துவிடுவார். நாம்தான் சொல்ல வேண்டும். காலையில் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். கொல்லிமலைப் பக்கம் மண் பாதைக்காகக் காற்றைக் குறைத்தவர்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் பெட்ரோல் மட்டும் போகாது, டயரே வெடிக்கும்.

ஐந்தாவது, சுமை. மகன் மேலே ஒரு கேரியர் மாட்டியிருந்தான். ஆறு மாதத்தில் அதில் ஒரு பை கூட ஏறவில்லை. ஏறியது காற்று மட்டும்தான். கழற்றி வைத்தேன். முன்னால் இரும்புக் கம்பி மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. சுமை ஒருபுறம் இருக்க, மோதும்போது ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தைக் கெடுக்கும். நடந்து போகிறவருக்கும் ஆபத்து. கரடுமுரடான மண் டயர் போட்டவர்கள் அந்த இரைச்சலுக்கும் பெட்ரோல் கொடுக்கிறார்கள்.

ஆறாவது, ஃபோர் வீல் லீவர். தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற வண்டிகளில் நாமே லீவரைப் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் 2எச்தான் சரி. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் உருள்வதில்லை. சேற்றில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் முடியாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். பெட்ரோலோடு கியர் பெட்டியும் சேர்ந்து தேயும்.

ஏழாவது, பராமரிப்பு. ஆயில், பிளக், அலைன்மென்ட் காலத்தில் பாருங்கள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தியதும் சக்கரங்களின் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எட்டாவது நம் எல்லோருக்கும் பொதுவானது. காலையில் பார்க்கிங்கில் ஏசி போட்டு வண்டியை உறும விட்டுவிட்டு, மேலே போய் டிபன் பாக்ஸ் எடுத்து வருகிறோம். பெரிய பெட்ரோல் இன்ஜின் ஏசியோடு நின்றால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். இன்றைய இன்ஜினைச் சூடாக்க நிறுத்தி வைக்கத் தேவையே இல்லை. கிளப்பி மெதுவாக நகர்ந்தால் போதும். தரைத்தளத்து வீடுகளின் ஜன்னல்கள் அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதற்காகப் போன மாதம் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். காசும் மிச்சம், சண்டையும் மிச்சம்.

நம் கையில் இல்லாததும் ஒன்று உண்டு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில இடங்களில் தொடங்கி, இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், 10 சதவீதக் கலவைக்கே வடிவமைத்து 20க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்றும் மதிப்பிட்டது. ஆகவே பழைய நோட்டோடு புதிய நோட்டை ஒப்பிடும்போது அதைக் கழித்துப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களைச் சர்வீஸில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குறையைச் சரிசெய்கிறேன் என்று காந்தம், மாத்திரை, சொட்டு மருந்து விற்க வருகிறவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள். நானும் ஒன்று வாங்கினேன். நான்கு டேங்க் எழுதினேன். போனது பணம்தான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேச ஒத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மைத்துனரின் பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். "இறக்கத்தில் பெட்ரோல் எதுக்கு" என்று நியூட்ரலில் போட்டுச் சாவியையும் அணைத்தேன். நாலைந்து கொண்டை ஊசி வளைவு சுகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் கருகிய வாசனை வந்தது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து ஓடையில் இறக்கினேன். அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, தெய்வச் செயல். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் துணைவியாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கையைத் தூக்கும்போது முகத்தைச் சுளிப்பார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று நான் மிச்சம் பிடித்தது அரை லிட்டர் கூட இருக்காது.

இப்போதும் நம்மில் சிலர் நியூட்ரலில் இறங்குகிறோம் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தயவுசெய்து கேளுங்கள். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். அதாவது கியரில் இறங்குவதுதான் சிக்கனம்; நியூட்ரல்தான் செலவு. சாவியை அணைத்தாலோ இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசியானாலும் கொல்லிமலையின் 70 ஆனாலும், ஏறின கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டியில் விட்டுவிடாமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். காசுக்காக உயிரைப் பணயம் வைக்கிறோம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் காசும் மிச்சமாவதில்லை.

என் வண்டி இப்போது நெடுஞ்சாலையும் ஊரும் சேர்த்து 12ஐத் தொடுகிறது. ஊருக்குள் மட்டும் என்றால் இன்னும் 10ஐத் தாண்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மகனிடம் போனில் சொன்னேன். "விக்க வேண்டாமாப்பா?" என்றான். "இப்போதைக்கு வேண்டாம்" என்றேன்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பொது நிதியில் ஒரு நல்ல காற்று அளவுமானி வாங்கி வாட்ச்மேன் அறையில் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இருப்பேன். டயர் பார்க்கத் தெரியாதவர்கள் வரலாம். அடுத்த கூட்டத்துக்கு நான்கு டேங்க் கணக்கு எழுதி எடுத்து வாருங்கள், கூட்டிப் பார்ப்போம்.