நீங்குவதா, நிலைப்பதா?

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நாலந்தாவையும் தம்புள்ளையையும் கடந்து போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காடு கடந்து கால்நடையாக மலைநாட்டை அடைந்த வழி இதுவே. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். இதே மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாக் குன்றிற்கு அண்மையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்றும் உண்டு. விமானப்படை அதைப் பேணி வருகிறது. கால்நடையாக வந்தவரின் சாலையும் வானில் பறப்போரின் பாதையும் இங்கே அருகருகே அமைந்துள்ளன. இரு சாராரையும் இணைக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. வேலை கொடுத்தவர் தம் கடமையில் தவறும்போது, வேலை செய்பவர் அங்கேயே நிலைப்பதா, நீங்குவதா என்பதே அது.

தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையே நெடுங்காலம் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்கு மேல் துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு. அதைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடனோ தொழிலாளியின் தலைமீதே தொடரும். 1921இல் இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழிந்து அதே கேள்வி விமானிகளிடம் வந்தது. 2022ஆம் ஆண்டு இலங்கையைப் பொருளாதார நெருக்கடி வாட்டியது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. விமான எரிபொருள் அரிதாகவே, கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்ட சிறீலங்கன் விமானங்கள் சில, சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு தொலைதேசம் சென்றன. அடுத்த ஆண்டில் யந்திரம் கிடைக்காமல் சில விமானங்கள் தரையிலேயே நின்றன. புறப்பாடுகள் பல மணி நேரம் தாமதமாயின. சில அடியோடு கைவிடப்பட்டன. 2023 ஜனவரி முதல் உயர்ந்த வருமானத்திற்கு 36 விழுக்காடு வரையில் வரியும் விதிக்கப்பட்டது. வளைகுடா நாடுகளின் விமானக் கம்பெனிகளோ டாலரில் சம்பளம் தரக் காத்திருந்தன. விமானிகள் பலர் விலகிச் சென்றனர்.

பணத்திற்காகப் போனார்கள் என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் விமானியின் கணக்கு அவ்வளவு எளிதன்று. இத்தொழிலில் மூப்பே பெருஞ்செல்வம். பதினைந்து ஆண்டு உழைத்துக் கப்டன் பதவி பெற்றவர், வேறொரு கம்பெனியில் சேரும்போது பெரும்பாலும் பட்டியலின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். சில வேளைகளில் மறுபடியும் துணை விமானியாக அமர வேண்டும். ஒருவகை விமானத்தை ஓட்டியவர் மற்றொரு வகைக்கு மாறத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இவற்றுக்கு மேலாக முதிர்ந்த பெற்றோர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், பிறந்த மண் ஆகியன உண்டு. இத்தனையையும் துறந்து ஒருவர் புறப்படுகிறார் என்றால், தட்டின் மறுபுறத்தில் ஏதோ ஒரு பெரும்பாரம் இருந்திருக்க வேண்டும்.

அப்பாரம் பலவேளைகளில் நம்பிக்கை இழப்பே ஆகும். விமானம் தாமதமானால் பயணி நொந்துகொள்வார். அடுத்த நாள் மறந்தும் விடுவார். விமானியோ அதன் காரணத்தையும் அறிவார். உதிரிப்பாகம் இல்லையா, ஆள் இல்லையா, திட்டமிட்டவர் தவறினாரா என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நீங்குவதா என எண்ணும் விமானி தம் கம்பெனியைக் குறித்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது முறை. நேர்ந்த தவறு காலத்தின் கொடுமையா, கம்பெனியின் வழக்கமா? அதைப்பற்றி மேலிடத்தார் உண்மை பேசுகின்றனரா? இந்த விமானத்தை இன்று எடுக்கமாட்டேன் என்று ஒரு கப்டன் மறுத்தால், அவருக்கு மதிப்புக் கிடைக்குமா, தண்டனை கிடைக்குமா?

மூன்றாவது கேள்வியே உயிர்நாடியானது. 2022 ஜூன் 13ஆம் நாள், லண்டனிலிருந்து கொழும்புக்கு 275 பயணிகளுடன் வந்துகொண்டிருந்த சிறீலங்கன் விமானம் துருக்கி வான்வெளியில் 33,000 அடி உயரத்தில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறுமாறு தரையிலிருந்து கட்டளை வந்தது. அதே உயரத்தில் வேறொரு விமானம் அண்மையில் பறப்பதை விமானிகள் கண்டு, ஏற மறுத்தனர். கட்டளை மீண்டும் வந்தபோதும் அவர்கள் இணங்கவில்லை. இவ்வாறு அறிவித்த கம்பெனி, தன் விமானிகளின் விழிப்பைப் பாராட்டியது. கட்டளைக்குப் பணிவதே கடமை என அவர்கள் எண்ணியிருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் நிகழ்ந்தது இது. கம்பெனிக்கு எது குறைந்தாலும், இத்தகைய மனிதர் குறையலாகாது.

அனுபவமிக்க விமானி ஒருவர் போய்விட்டால் அவரிடத்தை நாளையே நிரப்ப இயலாது. எஞ்சியோர்மீது பணி கூடுகிறது, ஓய்வு சுருங்குகிறது, களைப்பு மிகுகிறது. களைத்தவரும் வெளியே வழி பார்க்கிறார். 2025 டிசம்பரில் இந்தியாவின் மிகப்பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோவில் நிகழ்ந்தது, ஆள்கணக்குத் தவறினால் வரும் விளைவைக் காட்டிற்று. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதி வருவது முன்பே தெரிந்திருந்தும், அதற்கேற்ற ஆயத்தம் போதவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் கைவிடப்பட்டன.

இதைத் தடுக்கச் சட்டத்தை நாடுவோர் உளர். இந்தியாவில் 2017 முதல், கப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது விதி. எனினும் 2023இல் ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 43 விமானிகள் அக்காலத்தை நிறைவு செய்யாமலே விலகினர். பறப்புகள் பல கைவிடப்பட்டன. கம்பெனி நீதிமன்றத்தை நாடியது. இதில் இருபுறத்தும் நியாயம் உண்டு. பயணச்சீட்டு வாங்கிய ஏழை, மணவீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போகவேண்டியவர். திடீர் விலகலின் சுமை அவர் தலையில் விழுகிறது. ஆகவே சொல்லிக்கொண்டு போவது அறம். தாம் கண்ட குறைகளை எழுத்தில் பதிந்துவிட்டுப் போவது அதனினும் பெரிய அறம். எஞ்சியிருப்போரையும் பயணிகளையும் அது காக்கும்.

ஆனால் காகிதம் மட்டுமே மனிதரை நிறுத்தி வைக்குமா? விமானியின் பயிற்சி ஒப்பந்தத்தைத் துண்டுச் சீட்டோடு ஒப்பிடுவது முழுதும் பொருந்தாது. விமானி படித்தவர், விரும்பிக் கையொப்பமிட்டவர், அவருக்குச் சங்கம் உண்டு, நீதிமன்றம் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அந்நாளில் இவை எவையும் இல்லை. எனினும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. துண்டு இருந்தபோதும் தொழிலாளர் இரவோடிரவாக ஓடினர். போக வழியில்லாதவர் இருந்ததற்குக் காரணம் தோட்டத்தின்மீதுள்ள பற்று அன்று. அவ்வாறு இருப்பவரைக் கொண்டு கொழுந்து பறிக்கச் செய்யலாம். முந்நூறு உயிர்களைச் சுமந்து கடல் கடக்கும் பொறுப்பை அவ்வகையில் நடத்துதல் ஆகாது. அங்கே வேண்டுவது விருப்போடு விழித்திருக்கும் மனம்.

சம்பளத்தை ஒரே நாளில் உயர்த்த வசதியற்ற கம்பெனியும், உண்மையை ஒரே நாளில் பேசத் தொடங்கலாம். எந்த விமானம் ஏன் நிற்கிறது, எப்போது சீராகும் என்பதைத் தன் ஊழியருக்குச் சொல்லலாம். மறுத்துரைக்கும் கப்டனைக் காக்கலாம். ஓய்வு நேரத்தை அட்டவணையில் வெறும் எழுத்தாக விடாமல் நடைமுறையில் தரலாம். இவற்றைச் செய்யும் இடத்தில் நிலைப்பது பேதைமை அன்று. இவற்றைப் பலமுறை கேட்டும் பெறாத இடத்திலிருந்து, முறைப்படி அறிவித்து நீங்குவது துரோகமும் அன்று.

மாத்தளைச் சாலை வழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் எவரேனும் ஒருவர் நாளை விமானியாகி, அதே மலைகளின்மேல் பறக்கக்கூடும். நீங்கும் உரிமை அவர் கையில் இருக்கட்டும். அதைப் பயன்படுத்த நேராதபடி நடந்துகொள்வது, அவரை வேலைக்கு அமர்த்துவோரின் கையில் இருக்கிறது.