தையல் மேசையும் தைப்பவர் தோளும்



தையல் இயந்திரம் வாங்குவோர் பலர் அதன் விலையை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர். அதனை எதன்மேல் வைத்துத் தைப்பது என்னும் கேள்வி, இயந்திரம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரே எழுகின்றது. சட்டையும் இரவிக்கையும் தைப்பவர்க்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. பஞ்சு வைத்த போர்வை தைக்கப் புகுந்தவர்க்கோ மேசையே பாதி இயந்திரம்.

பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் இழையோட்டித் தைக்கும் விரிப்பைத் தெலுங்கில் ‘பொந்த’ என்பர். வங்காளத்துக் காந்தாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பாயில் அமர்ந்து மடியில் போட்டுத் தைத்தவரை இதற்கு மேசை வேண்டியிருக்கவில்லை. இப்பொழுது மேலே துணி, நடுவே பஞ்சு, அடியில் துணி என மூன்று அடுக்குகளை ஒன்றாக்கித் தைப்பதற்கென்றே நீண்ட கையுடைய இயந்திரங்கள் வந்துள்ளன. இருவர் படுக்கும் கட்டிலுக்கான போர்வை ஏறத்தாழ எட்டடி நீளமும் ஏழரையடி அகலமும் உடையது. இவ்வளவு பெரிய பாரத்தை ஊசியின் கீழே விரலளவு விரலளவாக நகர்த்த வேண்டும்.

அப்பாரத்தைச் சுமப்பது யார் என்பதே கேள்வி. இயந்திரத்தைச் சாதாரண மேசைமேல் வைத்தால், அதன் தளம் மேசைப் பலகையைவிட மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். போர்வை அத்தளத்தின் விளிம்பிலிருந்து பள்ளத்தில் விழுந்து தொங்கும். தொங்கும் துணி தைக்கும் துணியைப் பின்னுக்கு இழுக்கும். தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நீண்டும் போகும். ஊசி வளைந்து, கீழேயுள்ள தகட்டில் இடித்து முறியும். புதியவர்கள் நூலைக் குறை கூறுவர். இயந்திரத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்வர். இயந்திரத்திலோ ஒரு குற்றமும் இராது. ஊசி சுமக்காத பாரத்தைத் தைப்பவரின் தோள் சுமக்கும். அதன் விளைவு சில மாதங்களுக்குப் பின்னரே தெரிய வரும்.

பழைய காலத்து இயந்திரக்காரர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்துக்கு, அது வந்த மரப்பெட்டியே தாங்கும் மேசையாக அமைந்தது. பின்னர் வந்த மிதி இயந்திரங்களில், பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள் இயந்திரம் அமிழ்ந்து, தளமும் பலகையும் ஒரே மட்டமாக நின்றன. நம் நாட்டில் செய்த உஷா இயந்திரங்களும் அம்முறையையே பின்பற்றின. இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகளே தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. மின்சாரத்தில் ஓடும் கையடக்க இயந்திரம் பரவிய பிறகு, மேசை வேறு, இயந்திரம் வேறு என்று பெரும்பாலும் பிரிந்தன. இந்தப் பிரிவில் நாம் இழந்தது சிறிதன்று.

சித்தூரில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மையார், மகளிர் குழுவில் கடன் பெற்றுப் புதிய இயந்திரம் வாங்கினார். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தைத்தவர்க்கு மூன்றாம் போர்வையிலேயே வலத்தோள் தூக்க இயலாமற் போயிற்று. கடன் தவணையோ மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. உறவினர் சொல்லத் திருப்பதியிலிருந்து ஒரு தச்சரை வரவழைத்தார். தச்சர் இயந்திரத்தை அளக்கத் தொடங்கினார். “அண்ணா, இயந்திரத்தைப் பிறகு அளக்கலாம். நான் நாற்காலியில் உட்காருகிறேன், முதலில் என்னை அளந்துகொள்ளுங்கள்” என்றார் அம்மையார். தச்சர் நகைத்தார். “அம்மா, முப்பது ஆண்டாக மேசை செய்கிறேன், இப்படி ஒருவரும் கேட்டதில்லை” என்று சொல்லிக்கொண்டே அளந்தார்.

அந்த அளவைக் கேளுங்கள். சாப்பாட்டு மேசை பொதுவாக முப்பது அங்குல உயரம். அதன்மேல் இயந்திரத்தின் தளம் நான்கு அங்குலம். ஆக, கை நகர வேண்டிய உயரம் முப்பத்து நான்கு. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண், பாதம் தரையில் படியப் பதினைந்தரை அங்குல உயர நாற்காலியில் அமர்ந்தால், மடித்த முழங்கை ஏறத்தாழ இருபத்து நான்கு அங்குலத்தில் நிற்கும். பத்து அங்குல வேறுபாட்டைத் தோளை உயர்த்தியே ஈடுசெய்ய வேண்டும். நாள் முழுவதும் தோளை உயர்த்தி வைத்திருக்க யாரால் இயலும்?

ஆயினும் மேசையை இருபத்து நான்கு அங்குலத்துக்கே இறக்கிவிட முடியாது. இயந்திரம் பலகைக்குள் அமிழ்வதற்கு நான்கு அங்குலம் வேண்டும். அதனைத் தாங்கும் அடித்தட்டுக்கு முக்கால் அங்குலம் வேண்டும். அதன் கீழே தொடை நுழைய வேண்டுமே! தொடையின் மேற்பரப்பு இருபதரை அங்குலத்தில் நிற்கும். ஆகவே பலகையின் உயரம் இருபத்தாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இருபத்தாறரை என்று முடிவு செய்தார்கள். நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்தி, காலடியில் அதே உயரத்தில் ஒரு பலகை இடலாமே என்று தச்சர் கேட்டார். தொடையும் உடன் உயர்ந்து தட்டில் இடிக்கும் என்பதனைக் கணக்கிட்டுப் பார்த்து அவரே அதனைக் கைவிட்டார்.

இனி மரத்தைப் பற்றி. திருப்பதி என்றவுடன் சேஷாசல மலையின் செம்மரம் நினைவுக்கு வரும். அது அம்மலைத் தொடரையும் அதனை அடுத்த பகுதிகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதரிது. சட்டம் காக்கும் மரம் அது, அனுமதியின்றி வெட்டுவது குற்றம். நீரில் அமிழுமளவு கனமுடையது. சாயம் விடுவதும் ஆகும். வெள்ளைத் துணி பரப்பும் மேசைக்கு அது எவ்வகையிலும் ஆகாது. வேங்கையும் ஈரம் பட்டால் கறை விடும். சித்தூர் மாந்தோப்புகளில் முதிர்ந்த மரங்களை அகற்றும்பொழுது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் பூச்சி அதனை எளிதில் துளைக்கும். கால்களுக்கும் சட்டத்துக்கும் வேம்பு ஏற்றது. பூச்சி அண்டாது, எங்கும் கிடைக்கும்.

மேற்பலகைக்கு மட்டும் ஒட்டுப்பலகையே நன்று. திருப்பதியின் கோடையில் வெயில் நாற்பது பாகையைக் கடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். இந்த மாற்றத்தில் தனிப்பலகைகள் சுருங்கியும் விரிந்தும் இடையே கீற்றுவிடும். அக்கீற்றில் நூல் சிக்கும். பத்தொன்பது மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இரண்டினை ஒன்றாக ஒட்டினால், விரைந்தோடும் இயந்திரத்தின் அதிர்வையும் தாங்கும். மேலே வழுவழுப்பான மைக்கா ஒட்டவேண்டும். அதன் ஓரம் கூரியது. துணியின் இழையைப் பறித்துவிடும். ஓரத்தில் வேப்பமரச் சட்டம் பதித்து, உருட்டித் தேய்ப்பது அவசியம்.

பள்ளத்தை வெட்டுவதில் அவசரம் ஆகாது. பழைய மிதி இயந்திரத்தின் இரும்புக்கால் வீட்டில் இருந்தால் அதனையே பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பர். கால் பயன்படும்; பலகை பயன்படாது. பழைய இயந்திரத்தின் அடித்தளம் ஏறத்தாழ பதினாலரை அங்குல நீளம். தொழிற்சாலை வகை இயந்திரத்துக்குப் பதினெட்டே முக்கால். ஆகவே இயந்திரத்தைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடிட்டு, அந்தத் தாளைக் கொண்டே வெட்ட வேண்டும். வலப்புறம் சுழல்சக்கரத்துக்கும் மின்கம்பிக்கும் இடம் விடவேண்டும். நூற்கண்டுப் பெட்டி பக்கவாட்டில் திறக்குமானால், அங்கே கை நுழையும் துளை இல்லாவிடில், நூல் தீரும்பொழுதெல்லாம் இயந்திரத்தையே தூக்க வேண்டியிருக்கும். அடித்தட்டை ஆணியால் அறைந்துவிடாமல், நான்கு மூலையிலும் திருகாணியில் தொங்கவிட்டால், ஒரு நூலளவு ஏற்றியும் இறக்கியும் தளத்தை மட்டப்படுத்தலாம்.

இயந்திரம் மேசையின் வலக்கோடியில் அமைய வேண்டும். இடப்பக்கமும் பின்பக்கமும் அகன்ற பலகை. மேசையைச் சுவரோரம், அதிலும் மூலையில் போட்டால், போர்வை பின்னே சரிந்து விழாது. ஐந்தடிக்கு மூன்றடி என்பது நடுத்தர வீட்டுக்கு ஏற்ற அளவு. இடப்பக்கத்தில் கீல் வைத்த மடிப்புப் பலகை ஒன்று சேர்த்தால் வேண்டும்பொழுது இன்னும் இரண்டடி கூடும்.

அந்த அம்மையாரின் வீட்டில் இடம் குறைவு. ஆதலால் இயந்திரத்தைத் தூக்கியபின் பள்ளத்தை மூட, வெட்டியெடுத்த துண்டுக்கே ஓரம் கட்டித் தச்சர் தந்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் அதன்மேல் பிள்ளைகள் பாடம் எழுதுகின்றனர்.