தூசு எண்ணூருக்குப் போனது, ரயில் இன்னும் வரவில்லை



சென்னைத் துறைமுகத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று சொல்கிறவர்கள் பல வருடங்களாக இருக்கிறார்கள். கோட்டைக்கு எதிரே இத்தனை நிலத்தைக் கிடங்குகள் அடைத்துக்கொண்டிருப்பானேன், டிரெய்லர் லாரிகள் நகரத்துக்குள் வருவானேன், எல்லாவற்றையும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் தள்ளிவிட்டால் கடற்கரை அழகாகிவிடுமே என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பாரிமுனைக்குத் தெற்கே உட்கார்ந்து கேட்டால்! அவர்களுக்கு எண்ணூர் ஏதோ வெளியூர். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்டன. எண்ணூர்க்காரர் கட்டுவதும் அதே மாநகராட்சி வரிதான் என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

துறைமுகத்தால் வடக்கு இழந்தது இன்று தொடங்கிய கதை அல்ல. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1870களில் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். பிறகு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே பார்த்திருந்த வாயிலை அடைத்து வடகிழக்கே திறந்தார். கப்பல்களுக்கு நல்லதாயிற்று. மணலுக்கு என்ன ஆயிற்று? இந்தக் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். குறுக்கே நீண்ட கல்சுவர் அதைத் தடுத்து நிறுத்தியது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை உலர்த்திய இடம் போயிற்று. பிற்பாடு கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவரின் காலடியில் இருப்பது வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இரண்டாவது கதை நிலக்கரி. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் மலைமலையாகக் குவிந்திருந்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை மாடிகளில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. மக்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் தூசு கிளப்பும் சரக்கைக் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதற்கு முந்தைய நிதியாண்டில் 6 கோடி டன்னைத் தாண்டியிருந்த துறைமுகத்தின் சரக்கு சரிந்தது. சரியட்டும். ராயபுரத்துக் குழந்தையின் நுரையீரலை அடகு வைத்துச் சம்பாதித்த டன் எதற்கு? தீர்ப்பு நல்ல தீர்ப்பு.

ஆனால் அந்தக் கரி ஆவியாகிவிடவில்லையே! எண்ணூருக்குப் போனது. 2001இல் திறக்கப்பட்டு 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறிய துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே நிலக்கரிக்காகத்தான். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப்புக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு வரும் கரி, கன்வேயர் வழியாக வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டு: லாரி இல்லை. மற்றவர்களுக்கு வந்து இறங்கும் கரிக்கு அந்தக் கன்வேயர் கிடையாது. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலோ கொசஸ்தலை ஆற்றில் போய்ப் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளியில் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியது; அந்த மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் ஓடினார்கள். இந்த ஊரைத்தான் ‘வெளியே’ என்கிறார்கள்.

துறைமுகமே வேண்டாம் என்று இந்த மேடை சொல்லவில்லை. இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் கண்ட முன்னோடி சென்னைத் துறைமுகம், 1983இல். இதை நம்பி ஏற்றுமதி செய்யும் ஆலைகளும் இதில் பிழைக்கும் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதை மூடிவிட்டு கடலோர உணவகமும் நடைபாதையும் கட்டலாம் என்பது பொறுப்பற்ற பேச்சு. எந்தத் துறைமுகத்தில் இறக்கினாலும் கன்டெய்னர் பெட்டி அங்கிருந்து எதில் போகிறது என்பதுதான் கேள்வி. லாரியில் போனால், துறைமுகத்தை இருபது கிலோமீட்டர் வடக்கே நகர்த்துவது லாரி வரிசையை இருபது கிலோமீட்டர் நீட்டுவதுதான்.

படத்தை ஒரு தடவை பாருங்கள். கார் ஆலையும் கைபேசி ஆலையும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம், தென்மேற்கே. துறைமுகங்கள் வடகிழக்கே. பெட்டிகளைத் திறந்து சுங்கச் சோதனை செய்யும் சரக்குப் பெட்டக நிலையங்களில் பல மாதவரம், மணலி, பொன்னேரிப் பக்கம். நடுவில் எண்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம். ஆகவே எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் நிற்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய ஓட்டுநர் சாலையிலேயே சமைத்து, சாலையிலேயே தூங்குகிறார். அந்த லாரிகளுக்கு இடையில் புகுந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் உண்டு. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று போட்டு, அது முடிவதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. துறைமுகம் கட்டுவதற்கு முன்பே இங்கே தண்டவாளம் வந்துவிட்டது! இன்றும் துறைமுகத்துக்குள் ரயில் பாதை இருக்கிறது, தண்டையார்பேட்டையில் யார்டு இருக்கிறது. ஆனாலும் பெட்டிகளில் பெரும்பகுதி ரப்பர் சக்கரத்தில்தான் வெளியேறுகிறது.

ஏன் என்று கேட்டால் வணிகர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் கட்டாது. இந்த முனையில் ஒரு தடவை ஏற்றி இறக்க வேண்டும், அந்த முனையில் மறுபடி ஒரு தடவை. லாரி என்றால் நேரே ஆலை வாசலில் போய் நிற்கும் என்பார்கள். பொய்க் கணக்கு இல்லை, பாதிக் கணக்கு. லாரியின் புகைக்கும், நெரிசலில் போகும் மணிக்கணக்குக்கும், விபத்துக்கும் பில் போடுவது யார்? அந்தச் செலவு தண்டையார்பேட்டை வீடுகளில் மருந்துச் சீட்டாக வருகிறது. 45 தட்டை வேகன் கொண்ட ஒரு சரக்கு ரயில் 90 இருபதடிப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும். குறைந்தது 45 டிரெய்லர்கள் சாலையை விட்டு இறங்கும் என்று பொருள், ஒரே ரயிலில்.

கொருக்குப்பேட்டைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சரக்கு ரயில் நின்றால் கேட் மூடியது மூடியதுதான், ஆம்புலன்ஸும் நிற்கும். அந்தக் கோபம் நியாயமானது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் இதே பிரச்சினை இருந்தது. அங்கே இரண்டு துறைமுகங்களிலிருந்து நகர மையத்து ரயில் யார்டு வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு அலமீடா தடம் என்று ஒன்று போட்டார்கள். அதில் பாதித் தூரம், பள்ளம் தோண்டித் தரைக்குக் கீழே ரயிலை விட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ரயில்வே கேட்டுகள் ஒழிந்தன. 2002இல் திறந்தார்கள், 240 கோடி டாலர் செலவு. அந்தக் கடனை அடைக்கப் பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். சரக்கு அனுப்புகிறவர் காசு கொடுத்தார், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு கேட் தொல்லை போயிற்று.

இங்கே என்ன செய்தோம்? பறக்கும் சாலை! துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை 2009இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார், மதிப்பு ரூ.1,655 கோடி. கூவத்துக்குள் தூண் நிற்கிறது என்று 2012இல் ஜெயலலிதா அரசு நிறுத்தியது. மொட்டைத் தூண்கள் பத்து வருடம் வானத்தைப் பார்த்து நின்றன. பிறகு இரண்டடுக்காக மாற்றி 2022 மே 26 அன்று பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார், மதிப்பு ரூ.5,800 கோடியைத் தாண்டிவிட்டது. இருபது கிலோமீட்டர்ச் சாலைக்கு இவ்வளவு. முதல்முறை ஆட்சேபித்தவர்களும் ஆதரித்தவர்களும் ஆளுக்கொரு தூணுக்குப் பதில் சொல்லட்டும்.

அதே நாள், அதே விழாவில் இன்னொரு கல்லும் நாட்டினார்கள். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் பல்வகைச் சரக்குப் பூங்கா. கடம்பத்தூரிலிருந்து அங்கே சுமார் பத்து கிலோமீட்டர் ரயில் இணைப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் பெட்டிகள் அங்கே ரயிலேறி நேரே கப்பலுக்கு வர முடியும். சுங்கச் சோதனையையும் அங்கேயே முடித்துவிடலாம். வடசென்னை மக்கள் ஒரு திட்டத்துக்காகக் கொடி பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பத்து கிலோமீட்டருக்குப் பிடிக்க வேண்டும். பறக்கும் சாலை பற்றி எழுதும் பத்திரிகைகள் இதைப் பற்றி எத்தனை பத்தி எழுதின?

டெல்லியின் கவனிப்பும் இப்படித்தான். மும்பைத் துறைமுகத்தின் நெருக்கடிக்கு 1989இல் நவசேவாவில் புதுத் துறைமுகம் வந்தது. அதற்கென்று தாத்ரியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்குத் தனிச் சரக்கு ரயில் தடம் போட்டார்கள். தெற்கே பேசப்படும் தடங்களோ விஜயவாடாவோடு நின்றுவிடுகின்றன.

காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த 67 சதவீதப் பங்கை 2020இல் சென்னைத் துறைமுகமே ரூ.2,383 கோடிக்கு வாங்கிக்கொண்டது. இரண்டு துறைமுகங்களுக்கும் இன்று ஒரே முதலாளி. எந்தச் சரக்கு எங்கே, எத்தனை பங்கு ரயிலில் என்று ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். போட்டி, கட்டணம் என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

இந்த நிலையில் பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 32 கோடி டன்! அதில் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் உண்டு. கொசஸ்தலைக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் மெல்லிய கரையின் மேல் இது வருகிறது. மெரினா மணலின் கதையைக் கண்ணால் பார்த்த ஊரில், அதைவிடப் பெரிய சுவரைக் கடலுக்குள் நீட்டப்போகிறார்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. தானாகத் தள்ளிப்போகவில்லை, மீனவர்கள் தள்ளினார்கள்.

அடுத்த தேதி எப்போது அறிவிக்கப்பட்டாலும் கூச்சல் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எழுத்தில் மூன்று கேள்வி கொடுங்கள். இறக்கும் பெட்டிகளில் எத்தனை சதவீதம் ரயிலில் போகும்? மப்பேட்டுத் தண்டவாளத்தில் முதல் சரக்கு ரயில் எந்தத் தேதியில் ஓடும்? பெட்டிக்கு இவ்வளவு என்று வசூலித்து கொருக்குப்பேட்டை முதல் அத்திப்பட்டு வரை எல்லா கேட்டுகளையும் எப்போது ஒழிப்பீர்கள்? கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்தப் பந்தலை விட்டு வெளியே வராதீர்கள்.