ஹாஸ்டல்: ஊரா, சேரியா?

(கல்லூரி மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். வரும் வழியில் பேருந்தில் ஒரு தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் டி.சி., மடியில் ஒரு பை. முதல் வருசம் வேறு கல்லூரியில் படித்துவிட்டு, இரண்டாம் வருசத்துக்கு இந்த ஊர்க் கல்லூரிக்கு மாறி வருகிறார். "அண்ணா, எங்க தங்கறதுன்னுதான் தெரியல. காலேஜ் ஹாஸ்டலா, நம்ம ஹாஸ்டலா, வெளிய ரூமா?" என்று கேட்டார். அந்தத் தம்பி இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேருந்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லப் பார்க்கிறேன். கவிதையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

2007இல் நானும் இப்படித்தான் ஒரு பையோடு சென்னைக்கு வந்தேன். அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. நான் சம்பாதிக்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். சென்னையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சாயங்கால வேலை கிடைத்தது. அதற்காகவே பி.காம். இரண்டாம் ஆண்டை நகரத்துக் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டேன். டி.சி. கைக்கு வந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஹாஸ்டல் இடமெல்லாம் ஜூன், ஜூலையிலேயே முடிந்துவிடும். நடுவில் வருகிறவன் பந்தி எழுந்தபிறகு வந்தவன்.

முதலில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் சாதிச் சான்றிதழின் நகலைப் பார்த்தார். திட்டவில்லை, விரட்டவில்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "உங்களுக்குத்தான் தனியா கவர்ன்மென்ட் ஹாஸ்டல் இருக்கே தம்பி, அங்க செலவில்லாம இருக்கலாமே." நானும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கே இடம் இருக்கிறதா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை.

நலத்துறை ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே இருந்த வார்டன் நம்ம ஆள்தான். "லிஸ்ட் முடிஞ்சு போச்சுப்பா. அடுத்த ஜூன்ல வா" என்றார்.

தோழர்களே, நான் சொல்ல வந்ததே இதுதான். நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதையே காட்டி, பொது இடத்தில் நமக்கு இடமில்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். போராடிப் பெற்ற உரிமையை எடுத்து நம்மை வெளியே தள்ளும் கதவாக மாட்டிவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே சேரி இருக்கிறது, அங்கே போ என்பதற்கும், "உங்களுக்குத்தான் ஹாஸ்டல் இருக்கே" என்பதற்கும் என்ன வித்தியாசம்? 2025 ஜூலையில் அரசு இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. நல்லதுதான். ஆனால் அந்த வார்டனின் வாக்கியத்தை அரசாணையால் மாற்ற முடியாது. நாம்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வழி, வெளியே ரூம். ஒரு வீட்டு மாடியில் அறை. வீட்டுக்கார அம்மா முதலில் ஊர் கேட்டார். ஊர் பேரைச் சொன்னேன். அடுத்து, "அங்க எந்தத் தெரு?" என்றார். இந்தக் கேள்வி உங்கள் எல்லாருக்கும் தெரியும். "மேலத் தெருங்க" என்றேன். எங்கள் ஊரில் மேலத் தெரு இருக்கிறது. அதில் நான் செருப்போடு நடந்ததில்லை.

நாலு மாசம் இருந்தேன். கறி சமைக்கவில்லை. அம்பேத்கர் படம் போட்ட டைரியைத் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் நான் கடையில் இருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வந்துவிட்டாள். கையில் கேழ்வரகு மாவும் கொஞ்சம் கருவாடும். வீட்டுக்கார அம்மா உட்காரவைத்து சொம்பில் தண்ணி கொடுத்திருக்கிறார். பேச்சுவாக்கில், "மேலத் தெருவுல எங்கம்மா உங்க வீடு?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு என்ன தெரியும்? "மேலத் தெரு இல்லீங்க, நாங்க காலனிங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். "அண்ணன் பையன் படிக்க வர்றான் தம்பி, ரூம் வேணும்" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கோயம்பேட்டில் அம்மாவை பஸ் ஏற்றிவிடும்போது கேட்டாள்: "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனாடா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. தப்பாகச் சொன்னவன் நான்.

தங்க இடம் தேடுவது நமக்குச் சின்னப் பிரச்சனை இல்லை என்பதை அம்பேத்கர் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி. சாப்பாடு ஒத்துவரவில்லை, ஒரு வாரத்தில் மாறினார். காஸ்மாபாலிட்டன் கிளப் நடத்திய இடத்தில் கொஞ்ச காலம். பிறகு லிவிங்ஸ்டன் ஹால். அங்கே அவருடைய அறைத்தோழர் நவல் பதேனா என்ற பார்சி. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. பிடிக்கவில்லை என்றால் மாறலாம், யாரோடு இருப்பது என்று தேர்ந்துகொள்ளலாம். நியூயார்க்கில் அவர் ஒரு மாணவர், அவ்வளவுதான்.

1917இல் அதே மனிதர் பரோடாவுக்கு வந்தார். படிக்க உதவித்தொகை கொடுத்த சமஸ்தானத்தில் வேலை செய்ய வந்தவருக்குத் தங்க இடமில்லை. இந்து ஓட்டல்கள் சேர்க்காது. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பார்சிகள் வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பரிடம் கேட்டார், ஒரு கிறித்தவ நண்பரிடம் கேட்டார். இரண்டு பேரும் கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்து ராத்திரி ரயிலேறினார். அறைத்தோழனும் பார்சி, தடியோடு வந்தவர்களும் பார்சி. மனிதர்கள் கெட்டுப்போய்விடவில்லை. இந்த மண்ணில் வீடு என்பதே சாதியால் கட்டப்பட்டிருக்கிறது.

அது 1917, இப்போது அப்படியா என்று கேட்பவர்கள் உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில், தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட மாடிகளில் ஒதுங்கிப்போனதை தோரட் குழு 2007இல் எழுதிவைத்தது. 2018இல் சென்னை ஐ.ஐ.டி. மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உட்பட ஐந்து தலித் மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டு, அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் வெளிவாடா என்றால் நம்ம சேரி. 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். விடுதி அறையைப் பறித்ததில் தொடங்கிய சாவு அது.

என் கதைக்கு வருகிறேன். ரூமை விட்டு வந்த எனக்கு இடம் கொடுத்தது அதே நலத்துறை ஹாஸ்டல்தான். லிஸ்ட்டில் இல்லை, 'கெஸ்ட்'டாக. மூன்றாம் வருசம் படித்த அண்ணன் ஒருத்தர், "வாடா தம்பி, என் தட்டுல பாதி" என்றார். ஓர் அறையில் பதினோரு பேர். தண்ணி நின்றால் குளியல் இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஆனால் அங்கேதான் நான் முதன்முதலாக ஊர் பேரும் தெருப் பேரும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். அம்பேத்கர் எழுத்தைத் தமிழில் படித்தது அங்கே. என் முதல் கவிதையை அந்த மொட்டை மாடியில்தான் வாசித்தேன்.

அதை சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். நமக்குள்ளேயும் உட்சாதி பார்த்து அறை பிரித்துக்கொண்டார்கள். அருந்ததியர் மாணவர்கள் கடைசி அறையில் தனியாக இருந்தார்கள். சேரிக்குள் ஒரு சேரி. நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், கெஸ்ட் என்ற வழி ஆம்பிளைப் பசங்களுக்கு மட்டும்தான். டி.சி.யோடு நடுவில் வருகிற ஒரு தங்கச்சி யார் தட்டில் பாதி கேட்பாள்? அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாள்.

ஆகவே தம்பி, காலேஜ் ஹாஸ்டலா நம்ம ஹாஸ்டலா என்று கேட்டாயே, இரண்டும் நம்முடையது. இரண்டிலும் விண்ணப்பம் போடு. கல்லூரி ஹாஸ்டலில் இடமில்லை என்றால் அதை எழுத்தில் கொடுக்கச் சொல். வாயால் அன்பாகச் சொல்பவர்கள் எழுதச் சொன்னால் யோசிப்பார்கள். நான் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன், நீ அப்படிச் செய்யாதே.

பேங்க் கிளார்க்காக ஒரு விஷயம் சொல்கிறேன். "ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா சார்?" என்று கவுண்டருக்கு வரும் பிள்ளைகளில் கல்லூரி மாறியவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். உதவித்தொகை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் உன் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். புது ஊரில் புதுக் கணக்குத் தொடங்கினால் எது இணைந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். விடுதியில் தங்குபவருக்கு உதவித்தொகை விகிதம் கூடுதல். கெஸ்ட்டாக இருப்பவனை ஏட்டில் வீட்டிலிருந்து வருபவனாகத்தான் எழுதுவார்கள், அந்தப் பணம் போய்விடும். அதனால் லிஸ்ட்டில் பேர் ஏறும்வரை விடாதே.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. 2023இல் நலத்துறை விடுதியில் கல்லூரி மாணவருக்கு உணவுக்கட்டணம் மாதம் 1,100லிருந்து 1,500 ஆனது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளை. அந்த ஐம்பதிலும் பாதித் தட்டு கெஸ்ட்டுக்குப் போகிறது. இடத்தைக் கூட்டு, தொகையைக் கூட்டு என்ற போராட்டம் நடக்கட்டும். அதோடு ஜூன் மாதம் கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்காருகிறீர்களே, ஆகஸ்டிலும் ஒரு வாரம் உட்காருங்கள். நடுவில் வருகிறவன் அப்போதுதான் வருகிறான். அவனுக்கு முதலில் கிடைப்பது வீட்டுக்காரரின் கேள்வியாக இருக்கக்கூடாது, உங்கள் கையாக இருக்க வேண்டும்.

இப்போது நான் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். எந்தத் தெரு என்று கேட்டால் அவளையே பதில் சொல்லச் சொல்வேன். ஏழு வீடு கைவிட்டுப் போனது. எட்டாவது வீட்டில் இருக்கிறோம்.