யார் பக்கம் நின்றார் தாத்தா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் அடிப்பவர்கள், செக்கிங் பார்ப்பவர்கள், அயர்ன் போடுபவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் கோத்தகிரி, கூடலூர், குன்னூர் என்று பலர் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "தாத்தா சிலோன்ல இருந்து வந்தவருங்க" என்பார்கள்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த நம் மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தாயகம் திரும்பியோருக்கான அட்டை வாங்கி, பலர் நீலகிரியில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று திருப்பூரில் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

எனக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை. சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று வருபவர்கள் அந்தப் பழைய அட்டையை பிளாஸ்டிக் கவரோடு மேஜையில் வைப்பார்கள். அப்படி வந்த ஒரு பையன், பவர்டேபிள் டெய்லர், மனுவை வாங்கிக்கொண்டு எழுந்தவன் திரும்பவும் உட்கார்ந்தான். "அண்ணா, தாத்தாவோட தம்பி அங்கேயே தங்கிட்டாரு. சண்டையில அவரு இயக்கத்துப் பக்கமா, ஆமி பக்கமா? வீட்டுல கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க" என்றான்.

என் தாத்தாவும் அப்போது வராமல் அங்கேயே தங்கியவர்தான். அதனால் அவர் கதையையே அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1977 கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தபோது, அவர் குடும்பத்தைத் தன் பேக்கரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர் ஒரு சிங்களவர். பிறகு தாத்தா வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிப் பயிர் வைத்தார். அங்கே அவரைத் தமிழன் என்று ஏற்றுக்கொண்டு, நிற்க இடம் கொடுத்தது வடக்குத் தமிழர்களின் மண். தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் சந்தா கட்டியது தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு. நாடற்றவர்களுக்காக விடாமல் வாதாடிய சங்கம் அது. அந்தத் தொண்டமான் 1978இல் அதிபர் ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதே அரசின் ஆமிதான் பின்னாளில் தாத்தாவின் குடிசையைச் சோதனை போட்டது. குடியுரிமை இல்லாததால் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவன் என்றாலே சந்தேகம். பகலில் ஆமிக்குப் பதில் சொன்னார். இரவில் கதவைத் தட்டிய இயக்கப் பொடியன்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். அவர்களில் ஒருவன் தோட்டத்தில் அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

இப்போது சொல்லுங்கள் நேயர்களே, அவர் எந்தப் பக்கம்? பேக்கரிக்காரருக்கும், நிலம் கொடுத்தவர்களுக்கும், சங்கத்துக்கும், அந்தப் பிள்ளைக்கும் அவர் கடன்பட்டிருந்தார். ஒருவருக்குத் தீர்த்தால் இன்னொருவருக்குத் துரோகம். கையில் ஆயுதம் இல்லாத மனிதனை உள்நாட்டுப் போர் நிறுத்தி வைக்கும் இடம் அதுதான்.

தாத்தா இதையெல்லாம் நேராகச் சொன்னதே இல்லை. 1990இல் படகேறி வந்து முகாமில் இருந்த காலத்தில், பொன்னர் சங்கர் கூத்து பேச்சில் வந்தால் மட்டும் வாய் திறப்பார். நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைதான். காங்கேயம் பக்கம் உடுக்கையடித்து விடிய விடியப் பாடுவார்களே, அதே கதை. கூலிகளாகப் போனவர்கள் அதையும் கூடவே கொண்டுபோய், தோட்டத்து மைதானத்தில் கூத்தாக ஆடினார்கள். தாத்தா அதில் தங்காள் வேடம் கட்டியவர். பொன்னரும் சங்கரும் வீழ்ந்த பிறகு கதை முடிந்துவிடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? தங்கை அருக்காணித் தங்காள் படுகளத்தைத் தேடிக் காட்டு வழியே நடக்கிறாள். எந்தப் படை வென்றது என்பது அவளுக்குப் பொருட்டே அல்ல. அண்ணன்கள் எங்கே கிடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தைச் சொல்லும்போது தாத்தாவுக்குக் குரல் உடைந்துவிடும். தூக்கி வளர்த்த அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன்மாருக்கு எடுக்கும் வீரப்பூர் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விழுந்தவர்களை எழுப்பாமல் அந்தச் சடங்கு நிறைவதில்லை. ஈழத்தில் போர் 2009 மே மாதம் முடிந்தது; விழுந்தவர்கள் எங்கே என்ற கேள்வி முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் உட்கார்ந்து பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் தாத்தா ஏன் அந்த வேடத்தை விரும்பிக் கட்டினார் என்று எனக்குப் புரிகிறது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது, பழைய தாள்களை எப்படிக் காப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டையையும் பாஸ்போர்ட்டையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், வந்த ஆண்டு இவற்றைப் பின்பக்கம் குறித்துவிடுங்கள். "எந்தப் பக்கம் நின்றீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "யார் சோறு போட்டார்கள், யாருக்கு நீங்கள் போட்டீர்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் வருகிறது. அந்தப் பையனுடைய பாட்டியும் பேசத் தொடங்கிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் பேசட்டும் என்பதே என் ஆசை.