வெளியே ஒரு நண்பர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி செல்லாக் குழந்தைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கணக்கெடுப்பு, படிவம், எமிஸ் பதிவு எல்லாவற்றையும் காலையிலேயே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ சில காலம் வாழ்ந்துவிட்டு, ஏதோ ஓர் இல்லத்தின் வழியாக நம் வகுப்புக்கு வந்து சேரும் சிறுவர்கள் அவர்கள்.

ஜூன் மாதம் சேர்க்கிறோம். சீருடை, புத்தகம், பை எல்லாம் கொடுக்கிறோம். ஆகஸ்டில் அவன் இடம் காலியாக இருக்கும். சில நாள் கழித்து எமிஸில் காமன் பூலுக்கு அனுப்பிவிடுகிறோம். சேர்த்ததற்கும் போனதற்கும் இடையே என்ன நடந்தது என்று பதிவேட்டில் எங்கும் இருக்காது.

இதே கேள்வி ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு கத்தோலிக்கக் குருவானவருக்கு வந்தது. ஜான் போஸ்கோ. குருக்களை அங்கே மரியாதையாக 'தொன்' என்று அழைப்பார்கள். அதுதான் நம் ஊரில் டான் போஸ்கோ ஆனது. இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்த கிராமத்துப் பிள்ளை. 1841 ஜூனில் குருப்பட்டம் பெற்றபோது வயது 25. அப்போது தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கட்டட வேலை தேடி மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் தனியாக வந்து இறங்குவார்கள். வேலை கிடைக்காத நாளில் தெருதான்.

மூத்த குருவான கஃபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர் மனத்தை அதிகம் உறுத்தியது இன்னொன்று. இனி ஒழுங்காக இருப்பேன் என்று உறுதியோடு விடுதலையாகிப் போனவர்களில் பலர் சில நாளில் திரும்பவும் அதே சிறைக்கு வந்தார்கள். காரணத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வெளியே போனதும் அவர்களைக் கவனிக்க ஒருவரும் இல்லை. ஒரு நண்பர் இருந்திருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார்களோ என்று யோசிக்கிறார். கெட்ட பையன்கள், கெட்ட குடும்பம் என்று அவர் முடித்துவிடவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 8, திருநாள். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஒரு பையனைக் கோயில் ஊழியர் கம்பால் அடித்துத் துரத்துகிறார். 'அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்' என்கிறார் டான் போஸ்கோ. பையன் பெயர் பர்த்தலோமேயோ கரெல்லி, வயது 16, கொத்து வேலை. அப்பா? இல்லை. அம்மா? இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. 'சரி, விசில் அடிக்கத் தெரியுமா?' என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த விசில் கேள்வியை ஆசிரியர் பயிற்சியில் ஒரு பாடமாகவே வைக்கலாம். நம் அடிப்படைத் திறனறி தேர்வில் இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகப் பதில் சொன்ன பிள்ளையிடம், 'ஆம்' என்று சொல்லும்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கிறோமா?

பிறகு நடந்தது எளிதாக இருக்கவில்லை. ஞாயிறுதோறும் கூடும் பையன்களின் சத்தம் தாங்காமல் ஒவ்வோர் இடத்திலிருந்தும் காலி செய்யச் சொன்னார்கள். 1846 ஏப்ரலில்தான் வால்டோக்கோ என்ற புறநகரில் ஒரு கொட்டகை கிடைத்தது. அந்த நவம்பரில் அவருடைய தாய் மார்கரீத்தா ஊரிலிருந்து வந்து உடன் தங்கினார். படுக்க இடமில்லாத பையன்களைத் தங்க வைத்தார்கள். காலையில் பார்த்தால் போர்வையைக் காணோம். ஒருமுறை படுக்கை வைக்கோலைக்கூட விடவில்லை. நம் ஓய்வறையில் இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன பேசுவோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

1847 மே மாதம் மழையில் நனைந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான். திருட மாட்டாயே என்று கேட்கத்தான் செய்தார்கள். பானை சட்டி போய்விடுமோ என்ற பேச்சும் வந்தது. ஆனாலும் சமையலறையில் செங்கல்லும் பலகையும் அடுக்கி அந்த அம்மா படுக்கை போட்டுக் கொடுத்தார். அந்த இல்லத்தின் தொடக்கம் அந்தச் சமையலறைதான். பயமே இல்லாத மகான்களாக அவர்களைக் காட்டாமல் உள்ளதை எழுதி வைத்ததால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, வாரம் முழுதும் பையன்களைத் தேடிப் போனதுதான். ஞாயிறு விளையாட்டும் ஞானோபதேசமும் முடிந்ததும் அவர் வேலை முடியவில்லை. திங்கள் முதல் பட்டறைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் போய், பையன் வந்திருக்கிறானா, முதலாளி எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பார். பிறகு அதை எழுத்திலும் கொண்டுவந்தார். 1852 பிப்ரவரியில் தச்சு வேலை பழகும் ஒரு சிறுவனுக்காக முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. தவறு செய்தால் முதலாளி வாயால்தான் திருத்த வேண்டும்; தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது; ஞாயிறும் திருநாளும் விடுமுறை; கூலி படிப்படியாக உயர வேண்டும். பையனுக்கும் கடமைகள் உண்டு. டான் போஸ்கோவும் அதில் ஒரு தரப்பு. பிள்ளைகளிடம் அன்பு காட்டுங்கள் என்று நாம் மேடையில் சொல்லிவிட்டு இறங்குகிறோம். அவர் அதை முத்திரைத்தாளில் ஏற்றினார்.

அடுத்த ஆண்டே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும் இல்லத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 1859இல் சலேசிய சபை உருவானது. அந்தச் சபையினர் இந்தியாவில் முதன்முதலில் 1906இல் பணியைத் தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர். இன்று சென்னையிலும் வேறு ஊர்களிலும் தெருவோரச் சிறுவர்களுக்காக 'அன்பு இல்லம்' நடத்துவதும் அவர்கள்தான்.

அவருக்கு இதெல்லாம் இறைப்பணி. விசில் கேட்ட அதே சந்திப்பில் ஒரு செபமும் இருந்தது. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்வது நேர்மையாகாது. அரசுப் பள்ளியில் நமக்கு அந்த வேலை இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் திங்கட்கிழமை போய்ப் பார்ப்பதற்கு எந்த மதமும் தேவையில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிரிவு 4 வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பின்தங்கியதை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சியும் அவன் உரிமை. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, அது பிரிவு 14. உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் பிரிவு 17 தடை செய்கிறது. 'ஸ்டேஷன் பையன்' என்று வகுப்பில் கூப்பிடுவது இந்த இரண்டாவதில் வரும் என்பது என் கருத்து. பதிமூன்று வயதில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கும் கூச்சத்தை மட்டும் எந்தப் பிரிவும் போக்காது. அவன் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கூச்சத்தால்தான்.

1884இல், முதிய வயதில், ரோமிலிருந்து தன் இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். விளையாட்டு நேரத்தில் ஆசிரியர்கள் இப்போது பையன்களோடு இல்லை, தனியாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதில் வருந்துகிறார். மதிய உணவு இடைவேளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லத்திலிருந்து வரும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியரின் பெயரை இந்த மாதமே எழுதி வையுங்கள். பாடம் யார் எடுத்தாலும் சரி, அவன் பெயருக்கு நேரே அவர் பெயர் இருக்கட்டும். இல்லக் காப்பாளரின் கைப்பேசி எண் அவரிடம் இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அவர் பேச வேண்டும்; முடிந்தால் நேரில் போக வேண்டும். காமன் பூலுக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஆறு பேருக்கு எழுதிய பட்டியல் இங்கே இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பார்க்கலாம்.